வெயில்ல ஒரு தபா, மழையில ஒரு தபா

கூட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, விருத்தாசலம் டீக்கடைக்காரரிடம் வழி கேட்கிறார். "ஏங்க, பனமலைக்கு இப்படித்தானே போவணும்?" சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் கூட்டு ரோடு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, டீக்கடைக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் கைப்பம்புகூட இருக்கிறது. மூன்றையும் அதில் ஏற்றியவர் விருத்தாசலம்தான். டீக்கடைக்காரர் கரண்டியாலேயே திசை காட்டுகிறார். விருத்தாசலம் தலையாட்டிவிட்டு, இறங்கி, வலது செருப்பின் குதிகாலால் சாலையோரத்து மண்ணை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறார். மண் எவ்வளவு உள்வாங்குகிறது என்று மனத்தில் குறித்துக்கொண்ட பிறகு வண்டியைக் கிளப்பி, காட்டிய திசைக்கு நேர் எதிரே திருப்புகிறார். பின்னாலிருந்து குரல் வருகிறது: "யோவ், சோத்துக்கை பக்கம்யா!"

நாற்பத்தெட்டு வயது. விழுப்புரத்தில் போர் மோட்டார் பழுது பார்க்கிறவர். இருநூறு முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டாரை, மூன்று கால் கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, பைப் பைப்பாகக் கழற்றி மேலே கொண்டுவருகிற தொழில். பூமிக்குள் முந்நூறு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பைப்பில் காதை வைத்தே சொல்லிவிடுவார். பூமிக்கு மேலே மட்டும் அவருக்குக் கொஞ்சம் தகராறு. திசை என்பது அவருக்குப் பிறவியிலேயே கொடுக்கப்படவில்லை.

அவரைக் கூப்பிடுகிற விவசாயிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். "வேப்பமரம் தாண்டி, மல்லாட்டை போட்டிருக்கிற கொல்லை" என்பார்கள். அந்தப் பக்கத்தில் வேப்பமரம் இல்லாத வரப்பும் கிடையாது, அந்த மாதத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இல்லாத கொல்லையும் கிடையாது. அப்படித்தான் ஒரு முறை, ஆளில்லாத கொல்லையில் கம்பம் நட்டு, இருநூற்று நாற்பது அடியிலிருந்து பன்னிரண்டு பைப் கழற்றி, ஒரு மோட்டாரை வெளியே எடுத்துப் போட்டார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. கொல்லைக்காரர் வந்தபோது கையில் அரிவாள் இருந்தது. புல் அறுக்க எடுத்துவந்த அரிவாள்தான் என்பது பிறகு தெரிந்தது. "நல்லா ஓடிக்கினு இருந்த மோட்டார இன்னாத்துக்குயா எடுத்த?" என்று கேட்டவர், மோட்டாரை ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எடுத்தது எடுத்துட்ட, அப்படியே கிரீசு வச்சி எறக்கு" என்றார். வழி என்பது தானாகத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல, எங்காவது எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்று விருத்தாசலத்துக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

எழுதி வைக்கிற இடம் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற ஒரு கணினிக் குழு. வேலைநாட்களில் சென்னைக் கம்பெனிகளுக்குக் குறிமுறை எழுதுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு வாத்தியார். யாரும் விலைக்கு வாங்க வேண்டாத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்தான் நியாயமானது என்று நம்புகிறவர்கள். பழைய கணினிகளைத் தட்டித் தேற்றிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பார்கள். மாலை வகுப்பு எடுப்பார்கள். உலகத்தில் எவர் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஒரு பொது வரைபடத்தில் தங்கள் மாவட்டத்தின் ஊர்களை ஏற்றுவார்கள். கீழே ஞாயிற்றுக்கிழமைதான் மிளகாய் அரைக்கிற நாள். ஆகவே சமூக மாற்றம் பற்றிய எல்லா உரைகளும் அங்கே தும்மலோடுதான் நடைபெறும்.

மில் மோட்டாரைப் பார்க்க வந்த விருத்தாசலம், கை கழுவ மேலே ஏறினார். சுவரில் பெரிதாக வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கெணறு அங்க இல்லீங்க சார், வாய்க்காலுக்கு அந்தாண்ட கீது" என்றார். வரைபட வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பானுப்ரியா திரும்பிப் பார்த்தாள். திண்டிவனத்துப் பெண், இருபத்தேழு வயது, எதையும் இரண்டாம் முறை சொல்லப் பிடிக்காதவள். "இங்க யாரும் யாரையும் சார்னு கூப்டறதில்லைங்கண்ணா. எல்லாரும் தோழர்தான்" என்றாள். "சரிங்க சார்" என்றார் விருத்தாசலம். ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்தக் குழுவில் 'சார்' என்று அழைக்கப்படும் ஒரே ஆள் பானுப்ரியாதான்.

வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், என்ன செய்தோம் என்று கீழே ஒரு குறிப்பு எழுத வேண்டும். மற்றவர்கள் 'சாலை சேர்த்தேன்' என்று முடித்துக்கொள்வார்கள். விருத்தாசலம் கடிதம் எழுதுவார். 'மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால். வண்டி ஒண்ணு போகும், எதிர்ல வந்தால் ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும். நாய் உண்டு, கடிக்காது, துரத்தும்.' ஜெர்மனியிலிருந்து உலக வரைபடத்தைச் சரிபார்க்கிற ஒருவர், இந்த 'நாய் உண்டு' என்பது சாலை வகைகளில் ஒன்றா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டு எழுதியிருந்தார். பானுப்ரியா பதில் போட்டாள். அவர் அதை ஏற்றுக்கொண்டாராம்.

வீட்டில் இந்தப் பெருமை செல்லுபடியாகாது. "ஊருக்கெல்லாம் வழி போடறாரு. ரேஷனுக்கு அனுப்பினா வேற தெரு ரேஷன் கடையில போயி வரிசையில நிக்கிறாரு" என்பார் மனைவி அம்பிகா, தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

அவருடைய பெயரே ஓர் ஊரின் பெயர் என்பதால் குழுவில் ஒரு கேலி உண்டு: வரைபடத்தில் ஏற்றாமலே ஏறிக்கொண்ட ஒரே ஆள். அந்தக் கேலியையும் சிரித்து ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராகக் கோடு போட்டுக்கொண்டு, நிம்மதியாகத்தான் இருந்தார். போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் புயல் வந்தது.

ஊரெல்லாம் தண்ணீர். சாப்பாடும் குடிநீரும் கொண்டுபோகிற வண்டிகளுக்குக் குழுவின் வரைபடம்தான் வழிகாட்டி. குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிற முருகையன், விக்கிரவாண்டியிலிருந்து தண்ணீர் கேனும் பன்னும் ஏற்றிக்கொண்டு, பனமலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற புதுக்கொல்லை என்கிற சிற்றூருக்குக் கிளம்பினார். அவருக்கு அந்த ஊர் தெரியாது. பிரதான சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்றது கைப்பேசி, நேர்க்கோடு காட்டியது. அந்தக் கோட்டைப் போட்டவர் விருத்தாசலம். எட்டு மாதங்களுக்கு முன்னால், பங்குனி வெயிலில், ஒரு மோட்டார் வேலைக்குப் போனபோது அந்தத் தடத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. மண் கல்லாக இறுகியிருந்தது. மாட்டு வண்டி, டிராக்டர், ஆட்டோ எல்லாம் போயின. அவரும் 'சாலை' என்று போட்டுவிட்டார்.

அது புதுக்கொல்லை ஏரி. தண்ணீர் இல்லாத மாதங்களில் ஏரிக்குள்ளேயே வண்டித்தடம் விழுந்துவிடும். ஊரே அதில்தான் போகும், வரும். கார்த்திகையில் அந்த இடத்தில் எட்டடித் தண்ணீர்.

"எங்க பாத்தாலும் தண்ணி. அதுல எது ரோடு, எது ஏரின்னு போனுதானே சொல்லணும்? அது போ, போன்னுது. போயிட்டேன்" என்பது முருகையனின் வாக்குமூலம். தடம் ஏரிக்குள் இறங்குகிற சரிவிலேயே வண்டி முகம் குப்புற இறங்கி நின்றது. அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்து, கூரைமேல் ஏறி, கூடவே ஒரு பன் மூட்டையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டு வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பதினோரு பன் தின்றிருந்தார்.

உயிருக்குச் சேதம் இல்லை. வண்டியும் தேறிவிட்டது. முருகையனுக்கு அது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. எங்கே விருத்தாசலத்தைக் கண்டாலும், வண்டிக்குள் எப்போதும் கிடக்கிற பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்: "பன்னு துன்றியா மச்சான்?" விருத்தாசலத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏறத்தாழ இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட அந்தப் பன்னை அவர் கையால் தொட்டதில்லை. "வேணாம்பா, சாப்டு வந்துட்டேன்" என்பார். காலை ஏழு மணிக்கும் அதே பதில்தான்.

புயல் ஓய்ந்த வாரத்தில் அவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். 'வெயில்ல ஒரு தபா, மழையில ஒரு தபா.' எந்தச் சாலையையும் பங்குனியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை, தன் இரண்டு கண்ணாலும் பார்க்காமல் வரைபடத்தில் வைப்பதில்லை. குதிகாலால் மண்ணை அழுத்துகிற பழக்கம் வந்ததும் அப்போதுதான். சட்டம் முன்தேதியிட்டு அமலுக்கு வந்தது. ஒரே ஒரு தபா பார்த்துப் போட்ட சாலைகளையெல்லாம் தேடித் தேடி அழித்தார். புதுக்கொல்லைத் தடம்தான் முதல் பலி. பொங்கலுக்குள் நூற்று முப்பத்தேழு சாலைகள் காணாமல் போயின.

"அண்ணா, புயலு கூட இத்தன ரோட்ட அடிச்சிக்கினு போவல" என்றாள் பானுப்ரியா.

"இருக்கிறத விட்டாலும் பரவால்ல சார். இல்லாதத இருக்குதுன்னு காட்டக் கூடாது."

"இருக்கிறத இல்லன்னு காட்டினா?"

"அதுல யாரும் முழுவ மாட்டாங்க."

அதற்கான பதில், இந்த வருஷம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீங்கின காலோடு மில் படிக்கட்டில் ஏறி வந்தது.

அஞ்சம்மாளுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பையோடு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மேலே வந்ததும் மிளகாய் நெடிக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"போன்ல படம் போடறவங்க இங்கதானே கீறீங்க? புதுக்கொல்லை ஏரி ரோட்ட எடுத்தது யாரு?"

விருத்தாசலம் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எழுந்து நின்றார். "நான்தாங்கக்கா."

"ஏன் எடுத்த?"

"அது ரோடு இல்லக்கா. ஏரி."

"ஏரியா? எம் பொண்ணு கண்ணாலத்துக்கு வேன் எது வழியா வந்துச்சி? நான் எது வழியா ஆட்ட ஓட்டிக்கினு போறேன்? மழையில ஏரி. வெயில்ல ரோடு. இது கூடத் தெரியாதவன் கையில யாருபா போனக் குடுத்தது?"

வைகாசி முதல் வாரத்தில், வைக்கோல் எடுக்கப் போனபோது அஞ்சம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்தது. பிள்ளைகள் ஒரு தொண்டு ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். ஓட்டுநர் புதிது, அவர் கைப்பேசியில் இருந்தது குழு ஏற்றிக் கொடுத்த வரைபடம். ஏரி காய்ந்து கிடந்தது. மூன்று கிலோமீட்டரில் வந்திருக்கலாம். வரைபடத்தில் அந்தத் தடம் இல்லை. ஆகவே வண்டி பதினாலு கிலோமீட்டர் சுற்றியது.

"நான் கட்டில்ல கெடக்கறேன். அந்தாண்ட கரையில வண்டி சத்தம் கேக்குது. நல்லாக் கேக்குது. வருதுன்னு பாத்தா, போய்க்கினே கீது. எனக்குக் கண்ணு மங்கிக்கினே வருது, அது தூரமாப் போய்க்கினே கீது." அஞ்சம்மாள் அதைச் சத்தம் போடாமல் சொன்னார். அதற்கு முன்னால் போட்ட சத்தம் தேவலாம் என்று இருந்தது அங்கிருந்தவர்களுக்கு.

திரும்பும்போதும் ஓட்டுநர் சுற்று வழிக்கே திருப்பினாராம். படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, ஏரிக்குள் விடச் சொல்லியிருக்கிறார். "இங்க ரோடு இல்லம்மான்றான். போன மூடிக்கினு எதிர்ல பாருடான்னேன். அப்பால போனான்." டாக்டர் சொன்னாராம், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று.

விருத்தாசலம் உட்காரவில்லை. யாரும் முழுக மாட்டார்கள் என்று அவர் சொன்னதைப் பானுப்ரியா நினைவுபடுத்தவும் இல்லை. அவள் தன் நாற்காலியை நகர்த்தி அஞ்சம்மாளை உட்கார வைத்தாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டி, ஒரு சாலையை இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை மட்டும் திறந்தது என்று குறிக்க முடியும், தடத்தைத் திரும்பப் போட்டு அப்படிக் குறித்துவிடலாம் என்று விளக்கினாள்.

விருத்தாசலம் மெல்லச் சொன்னார்: "மழைக்கு மாசம் தெரியுமா சார்? ஒரு வருசம் ஐப்பசியில ரொம்புது. ஒரு வருசம் ரொம்பவே இல்ல. எந்தத் தேதியில மூடறது?"

அஞ்சம்மாளுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "தேதியா? முள்ளு போட்டா மூடனது. முள்ளு எடுத்தா தொறந்தது."

ஏரி மதகில் நாலு படி இருக்கிறது. தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டால், தடம் ஏரிக்குள் இறங்குகிற இரண்டு வாயிலும் ஒரு வேலிகாத்தான் முள்கிளையை வெட்டி இழுத்துக் குறுக்கே போடுவார்கள். அதைத் தாண்டி ஊரில் ஒருவரும் போக மாட்டார்கள், ஆடு மாடுகூடப் போகாது. தண்ணீர் வடிந்து மண் இறுகினால் கிளையை எடுத்துவிடுவார்கள். தடத்தின் வாயில் யார் கொல்லையோ அவர்கள் வேலை அது. இருபத்தெட்டு வருஷமாக அஞ்சம்மாளின் வேலை. யாரும் சொல்லிச் செய்வதில்லை.

"பொயல் அன்னிக்கும் போட்டிருந்தேன். இந்த வாய்க்கு ஒண்ணு, அந்த வாய்க்கு ஒண்ணு. எவனோ எடுத்து ஓரமாப் போட்டுட்டு வண்டிய விட்டிருக்கான். அவன் யாருன்னு இன்னும் தேடிக்கினு கீறேன்."

விருத்தாசலத்துக்கு முருகையன் சொன்ன கதையில் ஒரு வரி நினைவுக்கு வந்தது. பன் கதையின் சுவாரசியத்தில் யாரும் கவனிக்காத வரி. 'வழியில ஒரு முள்ளுக் கெள சாஞ்சிக் கெடந்துச்சி. காத்துல வியுந்துட்டாப் போல. எறங்கி நவுத்திட்டுப் போனேன்.' முள் சொன்னதைவிடக் கைப்பேசி சொன்னது பெரிதாகப் பட்டிருக்கிறது. அந்தக் கைப்பேசியில் பேசியது விருத்தாசலம். அவர் இதை வெளியே சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துவந்து அஞ்சம்மாளிடம் கொடுத்தார்.

ஏற்பாடு பத்து நிமிஷத்தில் முடிந்தது. அஞ்சம்மாளிடம் பட்டன் வைத்த போன். முள் போட்டால் விருத்தாசலத்துக்கு ஒரு மிஸ்டு கால். எடுத்தால், அடுத்தடுத்து இரண்டு. எடுத்துப் பேசக் கூடாது. "பேசுனா நீ வேற எதுனா கேப்ப" என்பது அஞ்சம்மாளின் நிபந்தனை. மிஸ்டு கால் வந்ததும் விருத்தாசலம் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், குழுவின் வரைபடம் வைத்திருக்கும் எல்லா வண்டிகளிலும் அந்தத் தடம் சிவப்பாகிவிடும். அதற்கானதைப் பானுப்ரியா ஒரே வாரத்தில் எழுதினாள். மஞ்சள் பையில் வேகவைத்த மல்லாட்டை இருந்தது. திட்டுவதற்கு வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை.

எல்லாம் சரி. விருத்தாசலத்தின் சட்டம் மட்டும் குறுக்கே நின்றது. புரட்டாசியில் ஒரு பெருமழை; மதியம் ஒற்றை மிஸ்டு கால் வந்தது. பொத்தானை அழுத்த வேண்டியவர் வண்டியை எடுத்தார். முப்பது கிலோமீட்டர், கொட்டுகிற மழையில், இரண்டு முறை வழி தவறி, இரண்டரை மணி நேரம் கழித்து ஏரிக்கரையில் நின்றார். முள் இருந்தது. குதிகாலால் மண்ணை அழுத்தினார். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினார். பத்து நாள் கழித்து இரட்டை மிஸ்டு கால். மறுபடியும் கிளம்பி வந்தார். முள் இல்லை என்பதையும் நேரில்தான் பார்த்தார்.

அஞ்சம்மாள் ஆடுகளுக்கு நடுவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்பா, நான் போட்ட முள்ளு மேல நம்பிக்கை இல்லியா ஒனக்கு?"

"அப்பிடி இல்லக்கா. எம் மேலதான் இல்ல."

"ஒம் மேல இல்லாட்டிப் போவுது, எம் மேல வையி. நீ இங்க வந்து பாத்துட்டு மூடறதுக்குள்ள ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போயிடும். இன்னொரு தபா இப்பிடி வந்து நின்ன, நான் போனே பண்ண மாட்டேன். சொல்லிட்டேன்."

பானுப்ரியாவும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். "அண்ணா, அந்த ரெண்டரை மணி நேரமும் ரோடு தொறந்துதான் இருந்துச்சி. இன்னொரு முருகையன் வந்திருந்தா?" அவர் தும்மினார். அது மிளகாய்க்காகவா, கேள்விக்காகவா என்பது தெரியவில்லை.

இந்த ஐப்பசியின் கடைசி வாரம். மூன்று நாள் மழைக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு தெருவின் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோயிருந்தது. நாற்பது வீடு. சுற்றிலும் தண்ணீர், குழாயில் மட்டும் இல்லை. உள்ளே செம்புக் கம்பியால் புதுக் காயில் கட்டின மோட்டாரைக் குட்டி யானையில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, முருகையன் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் மீதி இருந்தது மாட்டுத்தீவன மூட்டைகள். அடுத்து அவர் போக வேண்டிய ஊர் புதுக்கொல்லை.

மோட்டார் சங்கிலியில் தொங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கத் தொடங்கியபோது விருத்தாசலத்தின் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுப்பதற்குள் நின்றது. அஞ்சம்மாளின் எண். சங்கிலி பிடித்த ஆட்களைக் கையமர்த்தினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். மோட்டார் மெல்ல ஆடியது. அவர் இரண்டாவது மிஸ்டு காலுக்காகக் காத்தார். வரவில்லை.

அவர் பார்வை தன் வண்டிப் பக்கம் போனது.

"கெளம்பிட்டியா?" என்றார் முருகையன். "மழையில ஒரு தபா?"

விருத்தாசலம் அந்தரத்தில் ஆடுகிற மோட்டாரைப் பார்த்தார். தெருக்குழாயடியில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தார். மேற்கே, பனமலைப் பக்கம், வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. பெருவிரலைச் சட்டை நுனியில் துடைத்தார், கிரீசு போகவில்லை. கைப்பேசியை எடுத்து, வரைபடத்தைத் திறந்து, பொத்தானை அழுத்தினார். கீழே குறிப்பு எழுதும் கட்டம் வந்தது. வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர் இரண்டே சொல் எழுதினார். 'அஞ்சம்மா பாத்தது.'

"மூடியாச்சி. நீ சுத்திக்கினு போ" என்றார்.

முருகையன் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஏரித்தடம் சிவந்திருந்தது. "பதினாலு கிலோமீட்டரா? பேஜாரு." பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தார். "யோவ், நீ போயி பாக்கல?"

"அக்கா பாத்துடுச்சி."

முருகையன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். பழக்கதோஷத்தில் கை பொட்டலத்துக்குப் போனது. ஜன்னல் வழியாக ஒரு பன் வெளியே நீண்டது. "துன்றியா மச்சான்?"

விருத்தாசலம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பன்னின் மேல் அவருடைய பெருவிரல் ரேகை கறுப்பாக, தெளிவாகப் பதிந்தது. அந்த இடத்திலேயே ஒரு கடி கடித்துவிட்டு, வாயில் பன்னோடு, சங்கிலியை இறக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.